ஓவியக் கண்காட்சியால் வீடில்லாதவர்களுக்கு உதவ முடியுமா?

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய ஓவியக் குழு. வீடில்லாமல் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். கண்காட்சி வைத்துப் பணம் திரட்டித் தரலாமா, இல்லை அவர்களுக்கே ஓவிய வகுப்பு நடத்தலாமா? இதனால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது எங்கள் மனநிறைவோடு முடிந்துவிடுமா?

பயன் உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனி வேலைகள். கலையை வைத்துப் பணம் திரட்டுவது ஒன்று. வீடில்லாதவர்கள் தாங்களே கலையில் ஈடுபட வழி செய்வது மற்றொன்று. இரண்டுமே நல்லவை. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றி, எது எதற்காக என்று யாருக்கும் தெரியாமல் விட்டுவிடும்போதுதான் சிக்கல் வருகிறது. காப்பகங்களில் ஓவிய வகுப்பு நடத்தியும், இப்படித் திரட்டிய பணத்துக்குக் கணக்கு எழுதியும் பழகியவன் என்பதால் இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வரும் பணம் கடைசியில் என்னவாக மாறப்போகிறது? வரையப்படும் படம் யாருக்குச் சொந்தம்? இவை தெளிவாக இருந்தால் மற்றதையெல்லாம் போகப் போகச் சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம்.

வீடில்லாதவர் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். அவர் நம் கண்ணில் படுகிறார், அவ்வளவுதான். இரவுத் தங்குமிடங்களில் மாறி மாறிப் படுப்பவர், உறவினர் வீட்டுக் கூடத்தில் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்று தெரியாமல் தவிப்பவர், காரிலேயே தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறவர், அடி தாங்க முடியாமல் குழந்தையோடு வீட்டைவிட்டு வந்த பெண், எல்லாரும் இதில் அடக்கம். ஐரோப்பாவில் இந்தத் துறையில் இயங்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபீன்ட்சா 2005இல் ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. கூரையே இல்லாதவர், தற்காலிகக் கூரை இருந்தும் தனக்கென்று வீடு இல்லாதவர், எந்த நேரமும் வெளியேற்றப்படக்கூடியவர், வாழத் தகுதியில்லாத இடத்தில் காலம் தள்ளுபவர் என்று நான்கு பிரிவுகள். உங்கள் பணம் இவர்களில் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அது செய்யும் வேலை முற்றிலும் மாறும்.

சிறிய தொகை பெரிய வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. வாடகை பாக்கி விழுந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆனால் குடும்பம் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தக் கட்டம்தான் அது. சிகாகோ நகரில் இப்படி நெருக்கடியில் இருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. நிதி இருக்கும் நாளில் அழைத்தவருக்கு உதவி கிடைக்கும், தீர்ந்துபோன நாளில் அழைத்தவருக்குக் கிடைக்காது. இந்த இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்த மனிதர்கள், அழைத்த நாள் மட்டும்தான் வேறு. ஓவியக் கண்காட்சியில் திரளும் பணம் வீடு கட்டப் போதாது. ஆனால் நான்கைந்து குடும்பங்களின் வாடகை பாக்கியை அடைக்கப் போதும். இதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வரும்.

அடுத்து, “பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்” என்ற பேச்சு. எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். கனடாவின் வான்கூவரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வீடில்லாத 50 பேருக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், ஒரே தவணையில் 7,500 கனடிய டாலர் கொடுக்கப்பட்டது. பணம் பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டு, ஓராண்டுக் காலம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. பணம் பெற்றவர்கள் அந்த ஆண்டில் வீடின்றி இருந்த நாட்கள் சராசரியாக 99 குறைந்தன. மது, போதைப்பொருள் போன்றவற்றுக்கான செலவு கூடவில்லை. கடுமையான போதைப் பழக்கமோ மனநலப் பாதிப்போ உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வீடில்லாதவர்களில் அப்படியல்லாத பெரும் பகுதியினர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் கொண்டிருக்கும் சந்தேகத்துக்கு ஆதாரம் மிகவும் குறைவு.

கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு? அவர்களுக்கும் முதலில் வீடுதான். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய அணுகுமுறை இது. குடியை நிறுத்து, மருந்து ஒழுங்காகச் சாப்பிடு, நடத்தையைக் காட்டு, அப்புறம் வீடு தருகிறோம் என்ற வரிசையை அவர் தலைகீழாக்கினார். முதலில் சாவியைக் கொடுப்போம். சிகிச்சையும் மற்ற உதவிகளும் அந்த வீட்டுக்கே வரட்டும் என்றார். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநலப் பாதிப்புள்ள, வீடில்லாத 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் இது பரிசோதிக்கப்பட்டது. ஆய்வின் கடைசி ஆறு மாதம் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான சேவைகளைப் பெற்றவர்களில் 31 சதவீதம். பின்லாந்து 2008 முதல் இதையே தேசியக் கொள்கையாக்கி, பழைய இரவுத் தங்குமிடங்களை வாடகை ஒப்பந்தம் உள்ள தனித்தனி வீடுகளாக மாற்றியது.

ஓவியக் குழுவுக்கு இவ்வளவு விவரம் எதற்கு என்று தோன்றலாம். கலையால் வரும் பணத்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அது எளிதில் கலைக்கே திரும்பிப் போய்விடும். மண்டப வாடகை, சட்டகம், அச்சு, திறப்பு விழா என்று செலவு போக மிஞ்சியது கொஞ்சம். அதையும் ‘விழிப்புணர்வுக்கு’ என்று சொல்லி அடுத்த கண்காட்சிக்கு எடுத்து வைத்துவிடுகிறார்கள். விழிப்புணர்வு வேண்டியதுதான். ஆனால் படம் வாங்கியவர் வீடில்லாதவருக்கு உதவுவதாக நம்பித்தான் பணம் கொடுத்தார். அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பு.

கலையும் கொடையும் கைகோத்த பழைய உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன், அதில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கிறது. லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவில் விடப்படும் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்க ஆண்டுக்கணக்கில் அலைந்து 1739இல் அரச அனுமதி பெற்றார். ஓவியர் வில்லியம் ஹோகார்த் அதன் நிர்வாகிகளில் ஒருவர். அவர் தன் ஓவியங்களைக் கொடுத்ததோடு, மற்ற ஓவியர்களையும் கொடுக்க வைத்தார். பொதுமக்கள் சமகால ஓவியங்களைப் பார்க்க அன்று லண்டனில் வேறு இடம் அநேகமாக இல்லை. படம் பார்க்க வந்த கூட்டம் குழந்தைகளையும் பார்த்தது, நன்கொடையும் தந்தது. இசையமைப்பாளர் ஹேண்டல் 1749இல் அங்கே ஒரு நிதிக் கச்சேரி நடத்தினார். 1750இல் ‘மெசையா’ என்ற தன் இசைப் படைப்பை அங்கே நிகழ்த்தினார், பிறகு அது ஆண்டுதோறும் நடந்தது. தன் உயிலில் அதன் இசைப் பிரதி ஒன்றையும் இல்லத்துக்கே எழுதி வைத்தார். ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்காமல், ஆண்டுதோறும் வருமானம் தரக்கூடிய ஒன்றை ஒரு கலைஞர் விட்டுச் சென்றார். என்னைக் கேட்டால் இதுதான் கலைஞர் செய்யக்கூடிய கொடைகளில் உயர்ந்தது.

அதே இல்லத்தில் இடத்தைவிடக் குழந்தைகள் அதிகமாக வந்தபோது, 1742 முதல் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். வசதியான வீட்டுப் பெண்கள் இதைப் பார்க்கவே வந்து உட்கார்ந்தார்கள். கொடுப்பவர்களின் கண்முன்னே பெறுபவர் தன் துயரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. இன்று பை இல்லை, பந்து இல்லை. ஆனால் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஒருவரை மேடையேற்றி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, “எப்படி வீட்டை இழந்தீர்கள் என்று சொல்லுங்கள்” என்று கேட்கிறோமே, அதுவும் இதே வகைதான். அதைச் செய்யாதீர்கள். அவர் தானாகப் பேச விரும்பினால் பேசட்டும், என்ன பேசுவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

சரி, உங்கள் கண்காட்சிக்கு வருவோம். படம் வரைய உட்காரும் முன் காப்பகத்துக்கோ இந்த வேலையைச் செய்யும் அமைப்புக்கோ போய், எதற்குப் பணம் கிடைப்பதில்லை என்று கேளுங்கள். போர்வைக்கும் உடைக்கும் கொடுப்பவர்கள் நிறைய இருப்பார்கள். தொலைந்த அடையாள ஆவணத்தின் நகல் எடுக்க, வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட, புது வீட்டில் முதல் மாதம் மின்கட்டணம் செலுத்த, நேர்காணலுக்குப் போக வண்டிச் செலவுக்கு என்று கேட்டால் நன்கொடை வராது. இவை புகைப்படத்தில் அழகாக இருக்காது, ஆனால் ஒருவர் தெருவிலிருந்து வீட்டுக்குள் போவதும் போகாததும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது. அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்றே கண்காட்சி என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அதே சமயம், அமைப்பு நம்பிக்கைக்குரியது என்றால், ஒரு பகுதியை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுப்பதும் நல்லது. ஊழியர் சம்பளத்துக்குப் பணம் இல்லாத காப்பகத்தில் மற்ற எந்த உதவியும் ஓடாது.

செலவை முதலிலேயே வேறு வழியில் ஈடுகட்டப் பாருங்கள். இடத்தை யாராவது இலவசமாகத் தரட்டும், சட்டகச் செலவை உங்கள் குழுவே ஏற்கட்டும். அப்போது “விற்பனைத் தொகை முழுவதும் வாடகை பாக்கி நிதிக்கு” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அது முடியாவிட்டால், ஒவ்வொரு படத்தின் விலையிலும் எத்தனை சதவீதம் எங்கே போகும் என்பதைப் படத்தின் அருகிலேயே எழுதி வையுங்கள். ஏலம் விடுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. அன்றைக்கு இரக்கத்தில் விலை ஏறும், மறுமுறை அதே ஓவியரின் படத்தைக் கேட்க ஆள் இருக்காது. நியாயமான நிலையான விலையும், அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு நன்கொடைப் பெட்டியும் இருந்தால் படத்தின் மதிப்பும் கொடையும் ஒன்றோடொன்று கலக்காது.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் குழுவில் யாருக்காவது வீடில்லாதவர்களையே வரையவோ படமெடுக்கவோ ஆசை வரும். டோரதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், கூடாரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை எடுத்த புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது செய்தித்தாளில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடை உணவு அனுப்பியது. படம் அந்த வேலையைச் செய்தது உண்மை. ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் அந்தத் தாய் வேறு வேலை தேடி நகர்ந்துவிட்டார். அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதே 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருந்தினார். லாங்கேயும் அரசு வேலையில்தான் அதை எடுத்தார், நேரடி லாபம் அவருக்கும் இல்லை. ஆனாலும் 1998இல் அதன் ஒரு பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போனது. 1983இல் தாம்சன் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து பல்லாயிரம் டாலர் வந்தது, கூடவே ஏராளமான கடிதங்களும் வந்தன. ஒரு படத்துக்கு மனிதரின் மனத்தைத் திறக்கும் வலிமை அவ்வளவு உண்டு. அந்த வலிமை, படத்தில் இருப்பவரைச் சென்றடைய 47 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால்தான் பெயர் கேட்காமல், சம்மதம் பெறாமல், பங்கு பேசாமல் யாரையும் வரையாதீர்கள் என்கிறேன். தூங்கிக்கொண்டிருப்பவரைப் படமெடுப்பதை எந்த நோக்கமும் நியாயப்படுத்தாது.

இனி இரண்டாவது வேலை: அவர்களே படைப்பது.

இதில் உலகம் முழுக்க நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்கிட் ரோ பகுதியில் ஜான் மல்பீட் 1985இல் தொடங்கிய நாடகக் குழுவில் நடிகர்கள் அங்கேயே தெருவில் வாழ்ந்தவர்கள். லண்டனில் 1991இல் தொடங்கிய கார்ட்போர்டு சிட்டிசன்ஸ் என்ற நாடகக் குழு, பிரேசிலின் அகஸ்டோ போவால் வகுத்த மன்ற அரங்கு முறையைக் கையாள்கிறது. வீட்டை இழக்கும் கதை ஒன்றை ஒருமுறை நடித்துக் காட்டுவார்கள். மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் யார் வேண்டுமானாலும் “நிறுத்துங்கள்” என்று எழுந்து, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு முடிவை எடுத்துப் பார்க்கலாம். வீட்டுச் சொந்தக்காரரிடம் என்ன பேசியிருக்கலாம், எந்த அலுவலகத்துக்கு எப்போது போயிருக்கலாம் என்பதெல்லாம் அங்கேயே அலசப்படும். இதைக் காப்பகத்தில் நடத்தினால் பார்ப்பவருக்கு அது அன்றாட வாழ்க்கைக்கான ஒத்திகையாகவே ஆகிவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, தெருப் பத்திரிகைகளின் முறை எனக்குப் பிடித்தது. நியூயார்க்கில் 1989இல் வந்த ‘ஸ்ட்ரீட் நியூஸ்’ பத்திரிகையைப் பார்த்து, 1991இல் ஜான் பர்டும் கார்டன் ரோடிக்கும் லண்டனில் ‘பிக் இஷ்யூ’வைத் தொடங்கினார்கள். விற்பவர் பிரதியைப் பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்கு விற்கிறார், மீதி அவருடையது. அவர் அங்கே வியாபாரி, வாங்குபவர் வாடிக்கையாளர். வான்கூவரில் 2003இல் தொடங்கிய ஒரு புகைப்படத் திட்டம் இதையே கலையோடு இணைத்தது. நகரின் ஏழ்மையான பகுதியில் வாழ்பவர்களுக்கு, ஒருமுறை பயன்படுத்தும் கேமராக்களைக் கொடுத்துத் தங்கள் பகுதியைத் தாங்களே படமெடுக்கச் சொன்னார்கள். தேர்வான படங்கள் நாட்காட்டியாக அச்சாயின, அதே பகுதி மக்கள் அதை விற்றுத் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரர் அந்தத் தெருவில் அழிவைத்தான் பார்ப்பார். அங்கே வாழ்பவர்கள் நண்பர்களையும் நாய்களையும் பிறந்தநாட்களையும் எடுத்தார்கள். பாஸ்டனில் 2013இல் தொடங்கிய ஆர்ட்லிஃப்டிங் நிறுவனம், வீடில்லாத அல்லது மாற்றுத்திறன் கொண்ட ஓவியர்களின் படங்களை விற்று, லாபத்தில் 55 சதவீதத்தை ஓவியருக்கே தருகிறது.

பணம் தவிர வேறென்ன கிடைக்கிறது? வீடில்லாத ஒருவரின் நாள் முழுக்கக் காத்திருப்பில் போகிறது. வரிசை, படிவம், மறுபடி வரிசை. யாரைச் சந்தித்தாலும் அவரிடம் என்ன இல்லை என்பதைப் பற்றியே பேச்சு. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் அவரிடம் “இந்த நீலத்தை எப்படிக் கலந்தீர்கள்?” என்று கேட்டால் அது சிறிய விஷயம் இல்லை. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிக்கை வெளியிட்டது. தனிமை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றில் கலை தரும் பலன் அதில் விரிவாக இருக்கிறது. ஆனால் நான் கண்ணால் பார்த்தது இன்னும் நடைமுறை சார்ந்தது. ஓவிய வகுப்புக்குத் தவறாமல் வருகிறவர், அதே கட்டடத்தில் இருக்கும் சமூகப் பணியாளரிடமும் ஒருநாள் போய் உட்காருகிறார். அதுவரை அந்த அறைப் பக்கமே போகாதவராக இருப்பார்.

வகுப்பு நடத்தும் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பு ஓடுவதும் நின்றுபோவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

வகுப்பு முடிந்ததும் ஈரம் காயாத படத்தைக் கையில் கொடுத்து “எடுத்துப் போங்கள்” என்றால், அவர் அதை எங்கே கொண்டுபோவார்? அவருடைய உடைமை முழுவதும் ஒரு பைக்குள் இருக்கிறது. மழை வந்தால் நனையும், தூங்கும்போது திருட்டுப் போகும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது வண்ணம் அல்ல, அலமாரி. ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு, பெயரோ அடையாளக் குறியோ ஒட்டி. அவர் மூன்று மாதம் காணாமல் போய்த் திரும்பி வந்தாலும் படம் அங்கேயே இருக்க வேண்டும். சிறிய அளவுக் கெட்டி அட்டைகளில் வேலை செய்யுங்கள். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும், அதைக் கரைக்கும் டர்பன்டைனின் நெடி மூடிய அறையில் தாங்காது. கரைப்பான்களை முகரும் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களும் அறையில் இருக்கலாம், அவர்களுக்கு அது தண்டனை. அக்ரிலிக், நீர்வண்ணம், மைப்பேனா, கரி போதும். கத்தரியும் கத்தியும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். அதற்குக் காப்பகத்தின் விதி என்ன என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலிகளைச் சுவரோரமாகப் போடுங்கள். தெருவில் தூங்கிப் பழகியவருக்கு முதுகுப்புறம் திறந்திருந்தால் கை ஓடாது. பை காலடியில் இருக்க இடம் வேண்டும், கதவு கண்ணில் பட வேண்டும். மின்செருகி எத்தனை இருந்தாலும் போதாது, பலர் கைபேசிக்கு மின்னேற்றவே வருவார்கள், வரட்டும். ஒருவர் மேஜையில் தலைவைத்துத் தூங்கிவிடுவார். இரவு முழுக்கக் கண்மூடியிருக்க மாட்டார், அவரை எழுப்பாதீர்கள். பதிவேடு, அடையாள அட்டை எதுவும் கேட்காதீர்கள். எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயர் போதும். கிழமையும் நேரமும் மாறவே கூடாது. நீங்கள் ஒருமுறை சொல்லாமல் வராமல் போனால், இதுவரை அவரைக் கைவிட்டவர்கள் பட்டியலில் நீங்களும் சேர்வீர்கள்.

“உங்கள் வாழ்க்கையை வரையுங்கள்” என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். பெரும்பாலோருக்கு வரையத் தோன்றுவது பூ, பறவை, நடிகர் முகம், சிறுவயதில் பார்த்த மலை. நான் நடத்திய வகுப்பில் ஒருவர் வாரக்கணக்கில் லாரிகளை மட்டுமே வரைந்தார், முன்பு ஓட்டுநராக இருந்தவர். சக்கரத்தில் எத்தனை நட்டு என்பதில்கூடத் தவறு இருக்காது, பாரம் ஏற்றிய வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழும் என்பது வரைக்கும் கணக்காக வரைவார். அவர் வீடிழந்த கதையைக் கேட்க வந்த பார்வையாளர்கள் உண்டு. லாரியைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் மலர்ச்சியோடு பேசுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்காட்சியில் அவர் படத்துக்குக் கீழே பெயர், தலைப்பு, வண்ண வகை, விலை, இவ்வளவுதான் இருந்தது. ‘வீடில்லாத ஓவியர்’ என்று போட வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள். சிலர் போடச் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை.

வகுப்பில் யாராவது உடைந்து அழுதால் நீங்கள் மனநல மருத்துவராக மாற முயலாதீர்கள். கலைவழிச் சிகிச்சை தனிப் பயிற்சி வேண்டிய தொழில். காப்பகப் பணியாளர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும்.

கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ராகோவிட்ஸின் வேலையைச் சொல்லலாம். கட்டடங்களின் காற்று வெளியேற்றும் துளைகளிலிருந்து வீணாகப் போகும் வெதுவெதுப்பான காற்றைப் பிடித்து ஊதிக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடாரங்களை அவர் 1998 முதல் செய்தார். முதலில் கறுப்புப் பைகளில் செய்தார், உள்ளே இருப்பவருக்கு மறைவு வேண்டுமே என்று எண்ணி. தெருவில் வாழ்ந்தவர்கள் அதை மறுத்தார்கள். யார் அருகில் வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், எங்களையும் வெளியில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். அதனால் பின்பு ஒளி ஊடுருவும் பைகள் வந்தன. ஒவ்வொரு கூடாரமும் அதில் தூங்கப்போகிறவரோடு உட்கார்ந்து வடிவமைக்கப்பட்டது. இது வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு என்று ராகோவிட்ஸ் ஒருபோதும் சொல்லவில்லை. அந்த நேர்மை உங்கள் அறிவிப்புப் பலகையிலும் இருக்கட்டும்.

விற்பனைப் பணத்தில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள். மொத்தமாகப் பணமாகக் கையில் வாங்கினால் இரவில் பறிபோகும் என்று சிலர் பயப்படுவார்கள், தவணையாகக் கேட்பார்கள். அரசு உதவித்தொகை பெறுகிறவருக்குத் திடீர் வருமானம் வந்தால் உதவி குறையும் நாடுகள் உண்டு. படம் விற்கும் முன்பே அங்குள்ள விதி தெரிந்தவரைக் கேட்டுவிடுங்கள். படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும் என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் சட்டம். வாழ்த்து அட்டையிலோ நாட்காட்டியிலோ அச்சிட வேண்டுமானால் தனியாக அனுமதி வாங்கி, தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எளிய மொழியில் எழுதி, படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் கையில் ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள். வன்முறைக்குத் தப்பி வந்தவர்களின் முகமோ, இயற்பெயரோ, காப்பகம் இருக்கும் இடமோ எந்தப் படத்திலும் செய்தியிலும் வரக்கூடாது. இதில் சம்மதமே இருந்தாலும் இரண்டு முறை யோசியுங்கள்.

உங்களுடைய படங்களின் வருமானம் வாடகை நிதிக்குப் போகட்டும், அவர்கள் வரைந்த படங்களின் வருமானம் அவரவருக்கே போகட்டும். “எல்லாரும் சேர்ந்து நிதிக்குக் கொடுக்கலாமே” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையில் எதுவும் இல்லாதவரிடம் போய் அவர் உழைப்பைத் தானம் கேட்பது தவறு. அவராக விரும்பிக் கொடுத்தால் அது வேறு.

படம் விற்ற பிறகு வரைந்தவரைக் காணவில்லை என்பதும் நடக்கும். அந்தப் பணத்தை எத்தனை மாதம் வைத்திருப்பது, அதற்குப் பின் யாருக்குக் கொடுப்பது என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு ஒப்பந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவை ஒரே தாளில் போட்டு, படம் வாங்கியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். காப்பகச் சுவரிலும் ஒன்றை ஒட்டுங்கள்.